தெரிந்த சொற்கள்தான் காலை வாரின

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே, வெளிநாடு போய்ப் படிப்பதற்கு எடுக்கிற ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற இங்கிலீஷ் பரீட்சைக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வந்து இறங்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் என்னை மறித்து, "அண்ணா, அங்க போனால் இங்கிலீஷ் கஷ்டமா?" என்று கேட்காத கிழமை இல்லை. நானும் இப்படி ஒரு வகுப்பில் குந்தியிருந்து, வாயில் நுழையாத சொற்களாகப் பொறுக்கிப் பாடமாக்கி, 6.5 எடுத்துக்கொண்டு 2023 செப்டெம்பரில் இங்கிலாந்தில் இருக்கிற லெஸ்டருக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனவன்தான். ஒரு வருடமும் சொச்சமும் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கணக்குப் பார்த்தால், என் காசு போனதற்கும் மானம் போனதற்கும் அந்தப் பெரிய சொற்களில் ஒன்றுகூடக் காரணமில்லை. மைண்ட், ஓஃப், ரீ, ஹாஃப் என்று ஆறாம் ஆண்டில் படித்த சொற்கள்தான் என்னை விழுத்தின. தெரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்போம், அகராதி பார்ப்போம். தெரிந்த சொல் வந்தால் தலையாட்டிவிடுவோம். அந்தத் தலையாட்டலுக்கு நான் எவ்வளவு கட்டினேன் என்று போன ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

முதல் அடி ஊரின் பெயரில். ஏஜென்சிக்காரருக்கும், வகுப்பு எடுத்தவருக்கும், எங்கள் அப்பாவுக்கும் அது "லைசெஸ்டர்". எழுத்துக்கூட்டினால் அப்படித்தானே வரும். லண்டன் சென்ட் பங்கிராஸில் ரயில் ஏறி, இரண்டு சூட்கேஸையும் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கி "லைசெஸ்டர்" என்று சொல்லும்வரை காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். "லெஸ்டா" என்று ஏதோ சொன்னார்கள். பெட்டியில் பாதிப்பேர் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அடுத்த தரிப்பில் சந்தேகம் வந்து இறங்கி, எனக்காக நிலையத்தில் காத்து நின்ற நண்பனுக்குப் போன் எடுத்தேன். எங்கே நிற்கிறாய் என்று கேட்டான். பலகையைப் பார்த்து "லோக்போரோக்" என்றேன். இரண்டு வருடமாக அங்கே இருக்கிற அவனுக்கு அப்படி ஓர் ஊர் தெரியவில்லை. அது "லஃப்பரா" என்று பிறகுதான் விளங்கியது. அன்றைக்குப் போனது ஒன்றரை மணித்தியாலம் மட்டும்தான், அதிலும் பாதி நேரம் நானும் அவனும் ஊர்ப்பெயரில் சண்டை பிடித்தது.

அந்த "செஸ்டர்" வால் லத்தீனில் இருந்து வந்தது, படைமுகாம், கோட்டை என்று பொருள். எங்கள் வட்டுக்கோட்டையில் கோட்டை ஒட்டிக்கொண்டிருப்பது போல மான்செஸ்டர், லங்காஸ்டர், குளொஸ்டர், வூஸ்டர் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மான்செஸ்டரில் வாலை முழுதாகச் சொல்வார்கள், லெஸ்டரில் நடுவை விழுங்குவார்கள், சைரன்செஸ்டரில் திரும்பவும் முழுதாகச் சொல்வார்கள். விதி கேட்டுப் பிரயோசனம் இல்லை. பருத்தித்துறைக்கு வெள்ளைக்காரன் பொயின்ட் பீட்ரோ என்று பெயர் வைத்தானே, அதற்கு என்ன விதி? போகிற ஆட்கள் ஒன்று செய்யுங்கள். இறங்க வேண்டிய ஊர், அதற்கு முந்திய தரிப்பு, பிந்திய தரிப்பு, இருக்கப்போகும் தெரு, இந்த நான்கையும் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று ஊரில் இருக்கும்போதே போனில் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஏஜென்சிக்காரரிடம் கேட்க வேண்டாம்.

அடுத்தது வாடகை. இதில் மொழி பாதி, கணக்குப் பாதி. அறை கிழமைக்கு 150 பவுண்ஸ் என்று விளம்பரத்தில் இருந்தது. மாதத்துக்கு நான்கு கிழமை, அப்போ 600 என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். கையெழுத்து வைக்கும்போது பார்த்தால் மாதம் 650. ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குச் சரியான கோபம். உண்மையில் ஏமாந்தது என் கணக்கு. வருடத்துக்கு 52 கிழமை, நான் 48 என்று பெருக்கியிருக்கிறேன். 150ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் பிரித்தால் 650தான். மாதம் 50 என்றால் சின்னதாகத் தெரியும், வருடத்துக்கு 600 பவுண்ஸ். விளம்பரத்தில் பி.டபிள்யூ. என்று இருந்தால் கிழமைக்கு, பி.சி.எம். என்று இருந்தால் மாதத்துக்கு. முற்பணம் கேட்டபோதும் இதே பிழையை விட்டேன். நான் ஒரு மாதக் காசு வைத்திருந்தேன், அவர்கள் ஐந்து கிழமை கேட்டார்கள், 750. இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து கிழமைக்கு மேல் முற்பணம் வாங்கச் சட்டம் விடாது, அதனால் பெரும்பாலும் அந்த ஐந்தையும் கேட்பார்கள். நண்பனிடம் கடன் வாங்கித்தான் திறப்பை எடுத்தேன்.

ஒக்டோபரில் ஒரு நாள் போனில் மெசேஜ் வந்தது. இன்ன திகதி, இன்ன மணிக்கு சர்ஜரிக்கு வரவும். டொக்டரிடம் பதிவு செய்ததற்கு அடுத்த கிழமை. பதிவின்போது சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தேன், அதற்கு ஒப்பரேஷனா என்று நெஞ்சு அடைத்தது. அதைவிடப் பெரிய பிழை, பதற்றத்தில் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னது. அம்மா அந்த இடத்திலேயே நல்லூரானுக்குக் கற்பூரச்சட்டி நேர்ந்துவிட்டா. போய்ப் பார்த்தால் ஒரு நேர்ஸ் பிரஷர் பார்த்து, நிறை நிறுத்து, சிகரெட் பத்துவீர்களா என்று கேட்டு அனுப்பிவிட்டார். சாதாரண குடும்ப டொக்டரின் கிளினிக்கையே அங்கே சர்ஜரி என்கிறார்கள். இன்னும் பகிடி, எம்.பி. தன் தொகுதி ஆட்களைச் சந்தித்துக் குறை கேட்கிற நேரத்துக்கும் அதே பெயர். "அம்மா, ஒண்டும் இல்லை, அது கிளினிக்தான்" என்றேன். "நேர்ந்தது நேர்ந்ததுதான்" என்று அடுத்த திருவிழாவில் கற்பூரச்சட்டி எடுத்தா. புரியாத மெசேஜை அம்மாவுக்கு முதலில் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

படிக்கும் பிள்ளைகளுக்குத் தவணை நாட்களில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை. அதைவிடக் கூடினால் விசாவுக்கே ஆபத்து. ஒரு பொதிசெய்யும் இடத்தில் வேலை கிடைத்தது, இரண்டு நாள் பின்னேரமும் சனி முழுநாளும். முதல் நாள் பயிற்சிக்குக் காலை "ஹாஃப் செவன்" வரச் சொன்னார்கள். ஏழரையா, ஆறரையா? ஜெர்மனியில் முப்பது வருடமாக இருக்கிற மாமாவைக் கேட்டேன். "ஏழுக்கு அரை குறைய. ஆறரையடா" என்றார். ஜெர்மன் மொழியில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கிலீஷில் அது ஏழரை. எங்கள் தமிழே நேராக ஏழும் அரையும் என்று சொல்கிறது, அதை நம்பியிருந்தால் ஒரு மணித்தியாலம் இருட்டில் பூட்டிய கேற்றுக்கு முன்னால் நடுங்கியிருக்க மாட்டேன். ஏழரை பிடித்தது என்பது இதுதானாக்கும். அன்றிலிருந்து யார் நேரம் சொன்னாலும் இலக்கத்தில் திருப்பிக் கேட்பேன். "நெக்ஸ்ட் ஃப்ரைடே" என்றாலும் விடமாட்டேன், திகதி கேட்பேன். வருகிற வெள்ளியா, அடுத்த கிழமை வெள்ளியா என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

இனி வருகிறதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம். வேலை தொடங்கி மூன்றாவது கிழமை, சுப்பர்வைசர் பக்கத்தில் வந்து நல்ல முகத்தோடு கேட்டார்: "டூ யூ மைண்ட் வேர்க்கிங் சாட்டர்டேஸ் அன்டில் கிறிஸ்மஸ்?" கிறிஸ்மஸ் வரைக்கும் சனிக்கிழமைகளில் வேலை. நான் எதிர்பார்த்திருந்ததே அதுதான். "யெஸ், யெஸ்" என்றேன். போதாததற்கு எங்கள் ஊர் வழக்கத்தில் தலையையும் இரண்டு பக்கம் ஆட்டினேன். அவர் "நோ ப்ரொப்ளெம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை பட்டியலில் சனிக்கு என் பெயர் இல்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை.

ஆறு சனி. நான் என்னென்னவோ நினைத்தேன். என் வேலை பிடிக்கவில்லை, என் நிறம் பிடிக்கவில்லை, அந்தப் போலந்துப் பெடியன் ஏதோ கோள் சொல்லியிருக்கிறான். ஒரு நாள்கூடப் போய்க் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது மாதிரி இருக்கும் என்ற எங்கள் யாழ்ப்பாண ரோசம். அப்போது குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 10.42 பவுண்ஸ். ஒரு சனிக்கு எட்டு மணித்தியாலம், 83.36. ஆறு சனிக்கு 500 பவுண்ஸ் 16 பென்ஸ். அன்றைய மதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய். அந்தக் காசுக்கு நான் மத்தியானச் சாப்பாட்டை விட்டிருக்கிறேன், முற்பணத்துக்கு வாங்கிய கடனுக்கு நண்பனிடம் தவணை சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் பொதிகட்டும் பகுதியில் வேலை செய்த நெல்லியடிப் பக்கத்து அக்கா ஒருவர்தான் பிடித்தார். "தம்பி, நீர் ஏன் சனியில வாறேல்லை?" என்றார். தரமாட்டேன் என்கிறார்கள் என்றேன். என்ன கேட்டார்கள், நீர் என்ன சொன்னீர் என்று ஒவ்வொரு சொல்லாக விசாரித்தார். சொன்னேன். அக்கா பொதி ஒட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அட கடவுளே! 'உமக்கு ஆட்சேபனை இருக்கோ' எண்டு கேட்டவன். நீர் 'ஓம், ஓம், இருக்கு' எண்டு ரெண்டு தரம் சொல்லியிருக்கிறீர். தலையாட்டினீரோ?" ஆட்டினேன் என்றேன். "அது மூண்டாம் தரம்."

இதற்குள் இன்னொரு குழியும் இருக்கிறது. "நீ சாப்பிடவில்லையா?" என்று தமிழில் கேட்டால், சாப்பிடாதவன் "ஓம், இல்லை" என்பான். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ஓம். இங்கிலீஷில் சாப்பிடாதவன் "நோ" என்றுதான் சொல்ல வேண்டும், கேள்வி எப்படி வந்தாலும். அங்கே யெஸ்ஸும் நோவும் கேட்டவருக்குத் தரும் பதில் இல்லை, நடந்த விஷயத்துக்குத் தரும் பதில். நான் இதைப் பல மாதம் பழகியும் அவசரத்தில் பிழைவிட்டேன். கடைசியில் கண்டுபிடித்த வழி, யெஸ்ஸும் நோவும் சொல்லாமல் விடுவது. "ஐ கான் வேர்க் சாட்டர்டே", "ஐ ஹாவன்ட் ஈட்டன்" என்று முழு வசனமாகச் சொன்னால் யாராலும் பிழையாக விளங்க முடியாது. வெள்ளைக்காரரே "டூ யூ மைண்ட்" என்றதற்கு "யா, ஷுவர்" என்று சம்மதம் சொல்வதைப் பிறகு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குக் குரலிலேயே சம்மதம் தெரிந்துவிடுகிறது. எனக்கு அந்தக் குரல் இல்லை. தலையாட்டலையும் குறைத்தேன், அது யெஸ் நோவை விடக் கஷ்டமாக இருந்தது. அக்கா சொன்ன அன்றே சுப்பர்வைசரிடம் போய் விளக்கினேன். மனுசன் வெட்கப்பட்டு, அடுத்த சனியே போட்டுத் தந்தார். கேட்கத்தான் ஆறு கிழமை போனது.

நத்தார் விடுமுறைக்கு வகுப்புத் தோழன் ஒருவன் தன் வீட்டுக்கு "ரீ"க்கு வரச் சொன்னான். தேத்தண்ணி என்றால் ஒரு கோப்பையும் இரண்டு பிஸ்கட்டும் என்று நினைத்து, பசியோடு போய் நிற்கக்கூடாதே என்று வயிறு முட்டப் புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மேசையில் முழுக் கோழி, உருளைக்கிழங்கு, மூன்று விதமான மரக்கறி. அந்தப் பக்கத்திலும் வடக்கிலும் பலர் இராச்சாப்பாட்டைத்தான் ரீ என்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு டின்னர். அவனுடைய அம்மா பரிமாறிக்கொண்டே ஒவ்வொரு முறையும் என்னை "டக்" என்று கூப்பிட்டா. வாத்து! முதல் தரம் பஸ்ஸில் ஒரு கிழவி அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு முகம் சிவந்தது. அது அந்த வட்டாரத்தில் "ராசா" என்பது மாதிரி. அன்றைக்கு நான் தின்ற தீனிக்கு வாத்து என்பதுதான் சரி.

படிப்பிலும் ஒரு அடி வாங்கினேன். முதல் கட்டுரையின் வரைவுக்கு விரிவுரையாளர் "குவைட் குட்" என்று எழுதி, "மூன்றாம் பகுதியை நீங்கள் மீண்டும் பார்க்க விரும்பக்கூடும்" என்ற மாதிரி ஒரு வரியும் சேர்த்திருந்தார். நான் விரும்பவில்லை. மிகவும் நல்லது என்று எழுதியிருக்கிறாரே, பிறகென்ன? வந்த புள்ளி 52. 50க்குக் கீழே போனால் சித்தி இல்லை. பிரித்தானியர் வாயில் குவைட் குட் என்றால் பெரும்பாலும் "பரவாயில்லை" என்ற அளவுதான், அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். "நீங்கள் விரும்பக்கூடும்" என்றால் "மாற்றித் தா". எங்கள் பள்ளிக்கூடத்தில் கொப்பியைத் தூக்கி எறிந்து "திருப்பி எழுதிக்கொண்டு வா" என்பார்கள், அது எவ்வளவு தெளிவு என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "பாப்பம்" என்றால் இல்லை என்று எந்த வெள்ளைக்காரனுக்கு விளங்கும்? போகும்போது "போட்டு வாறன்" என்கிறோம். அடுத்த கட்டுரைக்கு நேரே போய், "இதை மாற்றாவிட்டால் புள்ளி குறையுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, குறையும் என்றார். 64 வந்தது.

இதெல்லாம் காசும் மானமும். ஒரு தரம் உயிருக்கே வந்திருக்கும். எங்கள் வீட்டு நெருப்பு எச்சரிக்கை அலாரம் செத்துப்போனது, பற்றரி முடிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு, அலாரம் "வென்ற் ஓஃப்" என்று மெசேஜ் போட்டேன். யாழ்ப்பாணத்தில் ஓஃப் என்றால் நூர்ந்தது. லைட் ஓஃப், கரண்ட் ஓஃப், மோட்டர் ஓஃப். இதில் என்ன சந்தேகம்? வந்த பதில்: சமைக்கும்போது யன்னலைத் திறந்து வைக்கவும், எண்ணெய்ச் சட்டியைக் கவனிக்கவும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கறி மணத்தில் குறை சொல்கிறார் என்று நானும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பத்து நாள், ஐந்து பேர் இருக்கிற வீட்டில், மேலே ஒரு செத்த அலாரம். அறைத்தோழன்தான் சொன்னான், அலாரம் வென்ற் ஓஃப் என்றால் அலாரம் அடித்தது என்று. லைட் ஓஃப் ஆனால் நூர்கிறது, அலாரம் ஓஃப் ஆனால் அடிக்கிறது, பால் ஓஃப் ஆனால் புளிக்கிறது, குண்டு ஓஃப் ஆனால் வெடிக்கிறது. குண்டு வெடித்த ஊரில் பிறந்தவனுக்கு இந்தக் கடைசி ஒன்றையாவது யாரேனும் சொல்லித் தந்திருக்கலாம். பழுதான சாமான் எதுவென்றாலும் "நொட் வேர்க்கிங்" என்று மட்டும் எழுதுங்கள். அழகாக இருக்காது, ஆனால் ஆள் பற்றரியோடு வருவார்.

எங்கள் நாட்டு இங்கிலீஷும் பெட்டிக்குள் கூடவே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நேர்முகத்தில் 2021ல் பல்கலைக்கழகத்தில் "பாஸ்ட் அவுட்" என்றேன். கேட்டவர் முகம் மாறி, இப்போது உடம்பு சுகமா என்றார். நான் பட்டம் பெற்றதைச் சொன்னேன், அவர் மயங்கி விழுந்ததைக் கேட்டார். அப்பாவுக்கு "பூட்டிக்" இருக்கிறது என்று சொல்லி ஒரு மாதம் பணக்கார வீட்டுப் பிள்ளையாக உலாவினேன். அங்கே அது விலைகூடிய உடுப்புக்கடை. எங்களுடையது சீனியும் மண்ணெண்ணெயும் விற்கிற கடை.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து அண்ணாவின் மகள் வந்திருந்தாள், ஒன்பது வயது. காங்கேசன்துறை வீதியில் போகும்போது எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் ஹோட்டல் என்று பலகையைப் பார்த்து, "சித்தப்பா, இவ்வளவு ரூம் யாருக்கு?" என்று கேட்டாள். ஒரு பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணலில் பழைய கட்டுமரம் ஒன்று கிடந்தது, இங்கிலீஷ்காரனின் "கட்டமரான்" இந்தச் சொல்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். கட்டமரானுக்கு இரண்டு அடிப்பகுதி இருக்கும், நடுவில் பாய் இருக்கும், இதில் ஒன்றுமே இல்லையே, இது வெறும் மரம், யாரோ உங்களுக்குப் பிழையாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றாள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஐயா, "பிள்ளை என்னவாம் தம்பி?" என்று கேட்டார்.

"பெயர் பிழையாம்" என்றேன்.